பல்லுக்கும் பூண் வேண்டும்



"வலிதான் போய்விட்டதே, இனி எதற்குச் செலவு?" பல்லில் வேர் சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்புவோர் பலரும் கேட்கும் கேள்வி இது. மூன்று நான்கு முறை மருத்துவரிடம் நடந்தாயிற்று, கைப்பணமும் கரைந்தது, இரவெல்லாம் உறங்கவிடாமல் வாட்டிய வலியும் ஓய்ந்தது. இந்நிலையில், "அடுத்த வாரம் வந்து உறை போட்டுக்கொள்ளுங்கள்" என்று மருத்துவர் சொன்னால், தம் வருவாய்க்காகச் சொல்கிறாரோ என்ற ஐயம் எழுவது இயல்பே. அடுத்த வாரம் அடுத்த மாதமாகும். பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் வந்து நிற்கும். உறவினர் வீட்டுத் திருமணமும் வந்து சேரும். ஒரு நாள், வறுத்த கடலையைக் கடிக்கும்போது வாயினுள் ஓர் ஓசை கேட்கும். பார்த்தால் பல் இரண்டாகப் பிளந்திருக்கும். செலவழித்த பணமும் வீண். காப்பாற்றிய பல்லும் வீண்.

இதற்கு நேர்மாறான மயக்கம் ஒன்றும் இந்நாளில் பரவி வருகிறது. கணிப்பொறியின் துணையால் வடிவமைத்து, இயந்திரத்தால் கடைந்தெடுத்த பல் உறைகள் இன்று நம் நகரங்களிலும் கிடைக்கின்றன. "இது உடையவே உடையாது; இனிக் கரும்பையும் எலும்பையும் அஞ்சாமல் கடிக்கலாம்" என்று எண்ணி, உள்ள உறைகளிலெல்லாம் கடினமானதைக் கேட்டு வாங்குவோர் உளர். முதலாமவர் உறையே வேண்டாம் என்கிறார். இரண்டாமவர் உறை ஒன்றே போதும் என்கிறார். இருவருமே பல்லின் வலிமை எங்கே இருக்கிறது என்பதை மறந்துவிட்டனர். அதைப் பற்றியே இம்மாதம் சிந்திப்போம்.

பல் ஏன் வலுவிழக்கிறது?

பல்லின் மேற்புறம் எனாமல் என்னும் கடினமான ஓடு. அதன் உள்ளே டென்டைன் எனப்படும் எலும்பையொத்த பகுதி. நடுவில் சிறிய அறை ஒன்று. அதிலிருந்து வேர்களுக்குள் இறங்கும் நுண்ணிய குழாய்கள். இவற்றினுள் நரம்பும் இரத்தக் குழாயும் அடங்கிய பற்கூழ் இருக்கிறது. சொத்தை இக்கூழை எட்டி அழுகச் செய்யும்போதுதான் தாங்க முடியாத வலி தோன்றுகிறது. வேர் சிகிச்சையில் மருத்துவர் அக்கூழை அகற்றி, குழாய்களைத் தூய்மைப்படுத்தி, கட்டாபெர்ச்சா என்னும் ரப்பர் போன்ற பொருளால் அடைத்துவிடுகிறார்.

உயிர்க்கூழ் நீங்கிய பல், பட்டுப்போன மரக்கிளைபோல் உலர்ந்து நொறுங்கும் தன்மை அடைகிறது என்று நெடுங்காலமாக நம்பப்பட்டு வந்தது. 1992-இல் வெளியான ஓர் ஆய்வு இந்நம்பிக்கையைச் சோதித்தது. வேர் சிகிச்சை பெற்ற 23 பற்களையும், அதே மனிதர்களின் வாயில் மறுபக்கத்திலிருந்த உயிருள்ள இணைப் பற்களையும் எடுத்து ஆராய்ந்தனர். சிகிச்சை முடிந்து சராசரியாகப் பத்தாண்டுகள் கடந்திருந்தும், இருவகைப் பற்களின் டென்டைனுக்கும் வலிமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கடினத்தன்மையில் மட்டும் 3.5 விழுக்காடு வேறுபாடு இருந்தது.

அப்படியாயின் அப்பற்கள் ஏன் பிளக்கின்றன? இதற்கு 1989-இல் அமெரிக்காவில் வெளிவந்த மற்றோர் ஆய்வு விடை தருகிறது. பிடுங்கப்பட்ட முன்கடைவாய்ப் பற்களின் விறைப்பைப் படிப்படியாக அளந்தனர். வேர் சிகிச்சைக்காக நடுவில் திறந்த துளையினால் குறைந்த விறைப்பு ஏறத்தாழ 5 விழுக்காடே. மேற்பரப்பில் மட்டும் குழி வெட்டியபோது 20 விழுக்காடு குறைந்தது. மேற்பரப்போடு பல்லின் முன்பின் பக்கச் சுவர்களையும் வெட்டி நீக்கியபோதோ 63 விழுக்காடு குறைந்துவிட்டது! வீட்டின் நடுவில் கிணறு தோண்டியதால் வீடு சாயவில்லை. இரு பக்கச் சுவர்களை இடித்ததால்தான் சாய்ந்தது. அச்சுவர்களை இடித்ததில் பெரும்பங்கு சொத்தைக்கு உரியது. ஆகவே, சொத்தை சிறிதாக இருக்கும்போதே மருத்துவரிடம் செல்பவர் பணத்தை மட்டுமன்றிப் பல்லின் சுவர்களையும் காத்துக்கொள்கிறார்.

மற்றொரு காரணமும் உண்டு. சோற்றில் கல் அகப்பட்டால் நாம் சட்டென்று கடியை நிறுத்துகிறோம் அல்லவா? அவ்வுணர்வு வேர் சிகிச்சை பெற்ற பல்லில் மந்தமாகிறது. 1986-இல் சுவீடனில் சிலரிடம் சோதித்தபோது, உயிருள்ள பல்லைக் காட்டிலும் இருமடங்குக்கு மேற்பட்ட சுமை ஏறிய பின்னரே கூழ் நீக்கிய பல் வலியை உணர்த்தியது. காவற்காரன் அயர்ந்த வீட்டில் கதவும் மெலிந்திருந்தால் என்ன நேரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உளியும் உலக்கையும்

தச்சரின் உளியைப் பாருங்கள். மரக் கைப்பிடியின் தலையில் இரும்புப் பூண் இருக்கும். உலக்கையின் அடியிலும் அவ்வாறே. மேலிருந்து விழும் அடி மரத்தை நெடுக்காகப் பிளக்கப் பார்க்கும். பூண் அதனைச் சுற்றி வளைத்து இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மரம் பிளந்த பின்னர்ப் பூண் போடுபவர் எவரும் இல்லை.

கடைவாய்ப் பல்லுக்கு உறை போடுவதன் பொருளும் இதுவே. கடைவாய்ப் பற்களின் மேல் முகடுகள் உள்ளன. ஒவ்வொரு முறை மெல்லும்போதும் எதிர்ப் பல்லின் முகடு ஆப்புப்போல் நடுவில் இறங்கி இவற்றை விலக்கப் பார்க்கிறது. நலமுள்ள மனிதர் கடைவாயில் முழு வலுவுடன் கடித்தால் 50 முதல் 70 கிலோ எடைக்கு ஒப்பான விசை எழக்கூடும். அன்றாட மெல்லுதலில் இவ்வளவு விசை இல்லையெனினும், ஓராண்டில் இலட்சக்கணக்கான முறை அது திரும்பத் திரும்ப நிகழ்கிறது. ஆய்வுக்கூடங்களில் ஐந்தாண்டு மெல்லுதலுக்கு ஈடாக 12 இலட்சம் அடிகளைக் கணக்கிடுவது வழக்கம்.

பூணின் பயனைக் காட்டும் சான்றுகளும் உள்ளன. 1984-இல் வெளியான ஆய்வொன்று வேர் சிகிச்சை பெற்ற 1,273 பற்களின் வரலாற்றைத் தொகுத்தது. முகடுகளை மூடி உறையிட்ட கடைவாய்ப் பற்களும் முன்கடைவாய்ப் பற்களும் நெடுநாள் நிலைத்தன. முன்பற்களில் அத்தகைய நன்மை காணப்படவில்லை. 2002-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு, உறையிடாத பற்கள் உறையிட்ட பற்களைவிட ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டதாகக் கண்டது. ஆகவே, "உறை போட்டுக்கொள்ளுங்கள்" என்பது வருவாய்க்காகச் சொல்லும் சொல் அன்று. சிகிச்சையின் இரண்டாம் பாதி அது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பூண் பற்றிக்கொள்ள மரம் இருக்க வேண்டும். ஈறுக்கு மேலே சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் உயரமாவது சொந்தப் பல் எஞ்சியிருந்தால்தான் உறை அதனை வளைத்துப் பிடிக்க இயலும். நெல்மணியின் அகலத்தினும் குறைந்த இந்த உயரமே பல்லின் ஆயுளைப் பெரிதும் முடிவு செய்கிறது. எந்தக் கணிப்பொறியும் இதற்கு ஈடு செய்யாது.

கணிப்பொறி கடையும் உறை

கணிப்பொறி இதில் செய்வது என்ன? முன்பெல்லாம் பசை நிறைந்த தட்டை வாயில் வைத்து அச்செடுத்து, மாதிரி வார்த்து, கைத்தேர்ச்சி மிக்க தொழிலாளர் உறையை உருவாக்குவர். பல நாட்கள் ஆகும். அச்சுக்குப் பதிலாக ஒளியால் பல்லைப் படம் பிடிக்கலாம் என்ற கருத்தைப் பிரான்சு நாட்டின் பிரான்சுவா துரே 1973-இல் தம் ஆய்வேட்டில் முன்வைத்தார். சுவிட்சர்லாந்தின் சூரிக் பல்கலைக்கழகத்தில் வெர்னர் மோர்மன் என்னும் பல் மருத்துவரும், மார்க்கோ பிராந்தெஸ்தினி என்னும் பொறியியலாளரும் இணைந்து செரெக் என்ற கருவியை உருவாக்கினர். 1985-ஆம் ஆண்டு செப்டம்பரில், நோயாளி நாற்காலியில் அமர்ந்திருக்கும்போதே பீங்கான் கட்டியிலிருந்து அடைப்பு ஒன்று கடையப்பட்டு அவர் பல்லில் பொருத்தப்பட்டது.

இன்று பேனாவைவிடச் சற்றுப் பருமனான ஒளிக்கருவி வாயினுள் சென்று பல்லின் உருவத்தை முப்பரிமாணத்தில் பதிவு செய்கிறது. மருத்துவர் திரையில் உறையை வடிவமைக்கிறார். வைரத்துகள் பதித்த கடைசல் முனைகள் கட்டியைச் செதுக்குகின்றன. இதில் உண்மையான நன்மைகள் உள்ளன. தொழிற்சாலையில் ஒரே சீராக உருவான கட்டியில், கையால் அடுக்கிச் சுட்ட பீங்கானில் நேரும் காற்றுக் குமிழிகளும் குறைகளும் மிகக் குறைவு. வேலை ஒரே நாளில் முடிந்துவிடுவதும் உண்டு. இழுத்தடித்து மறந்துபோகும் நம் இயல்புக்கு இது பெரும் உதவியே.

குறைகளும் இல்லாமல் இல்லை. கடைசல் முனையின் பருமனைவிட நுண்ணிய மூலையை இயந்திரத்தால் செதுக்க இயலாது. ஆகவே பல்லை மழுங்கிய மூலைகளுடன் செதுக்குவது மருத்துவரின் கடமை. ஈறுக்கு அடியில் இரத்தமும் உமிழ்நீரும் மறைத்த விளிம்பை ஒளிக்கருவி காணாது. கண் காணாததைக் கணிப்பொறியும் காணாது.

எது வலிமை?

உறைக்குரிய பொருள்கள் பல. பழைய வகைப் பீங்கான் கட்டி வளைவிசையை ஏறத்தாழ 100 முதல் 150 மெகாபாஸ்கல் வரை தாங்கும். ஒரு மெகாபாஸ்கல் என்பது சதுர சென்டிமீட்டருக்குப் பத்துக் கிலோ அழுத்தம் எனக் கொள்ளலாம். லித்தியம் டைசிலிகேட் என்னும் கண்ணாடிப் பீங்கான் 400 அளவில் தாங்கும். இது நீலச் சாயலுள்ள மென்மையான நிலையில் கடையப்பட்டு, பின்னர் 840 பாகை அளவிலான வெப்பத்தில் சூளையிடப்பட்டதும் பல்லின் நிறமும் முழு வலிமையும் பெறுகிறது. ஜிர்கோனியா 1,000 அளவிலும் தாங்கும். ஆயினும் அழகுக்காக ஒளி ஊடுருவுமாறு செய்த ஜிர்கோனியா வகைகள் அவ்வளவு வலியவை அல்ல.

"அப்படியாயின் ஜிர்கோனியாவே சிறந்தது!" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆய்வுக்கூடத்தில் உறையிட்ட பல்லை எஃகு உருண்டையால் அழுத்தும்போது இரு கேள்விகள் கேட்கப்படுகின்றன. எவ்வளவு சுமையில் உடைந்தது என்பது முதற் கேள்வி. எது உடைந்தது என்பது இரண்டாவது. விளம்பரங்கள் முதற் கேள்விக்கு மட்டும் விடை சொல்லும். நமக்கு வேண்டியதோ இரண்டாவதன் விடை. உறை உடைந்தால் வேறு உறை போடலாம். விரிசல் வேருக்குள் ஆழ இறங்கிவிட்டால் பல்லைப் பிடுங்குவதைத் தவிரப் பெரும்பாலும் வழியில்லை.

டென்டைன் சற்றே வளைந்து கொடுக்கும் பொருள். ஜிர்கோனியா அதனைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு விறைப்பானது. வளையாத உறை தான் உடையாமல் நின்று, சுமையைக் கீழே கடத்திவிடுகிறது; கீழே உள்ள மெலிந்த வேர் அதனைத் தாங்க நேரிடுகிறது. பிசினும் பீங்கானும் கலந்த மென்மையான கட்டிகள் டென்டைனுக்கு நெருங்கிய விறைப்புடையவை. அவை முதலில் தாம் தேய்ந்தோ உடைந்தோ பல்லைக் காக்க முயல்கின்றன. ஆனால் அவையும் குறையற்றவை அல்ல. எதிர்பார்த்ததைவிட அடிக்கடி கழன்று விழுந்தமையால், 2015-இல் அத்தகைய கட்டி ஒன்றை முழு உறைக்குப் பயன்படுத்த வேண்டாம் என அதனைத் தயாரித்த நிறுவனமே அறிவிக்க நேர்ந்தது.

வேருக்குள் இறக்கும் தண்டைப் பற்றியும் ஒரு சொல். தண்டு பல்லை வலுப்படுத்துகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது வலுப்படுத்துவதில்லை, மேலே கட்டும் பகுதி நிலைக்க ஒரு பிடிப்பைத் தருகிறது, அவ்வளவே. அதற்கு இடம் செய்ய வேரைக் குடைய வேண்டியிருப்பதால், தேவையின்றி இடும் தண்டு தீங்காகவும் முடியும். தண்டைத் தவிர்க்கும் ஒரு வழியைக் கணிப்பொறி எளிதாக்கியுள்ளது. கூழ் இருந்த அறைக்குள் இறங்கிப் பொருந்தும் அடிப்பகுதியும், மேலே உறையும் ஒரே துண்டாகக் கடையப்படும். இதற்கு எண்டோகிரவுன் என்று பெயர். சூரிக் குழுவினர் இத்தகைய உறைகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2005-இல் வெளியிட்ட முடிவு சிந்திக்கத்தக்கது. கடைவாய்ப் பற்களில் ஏறத்தாழ 87 விழுக்காடு நிலைத்தன. முன்கடைவாய்ப் பற்களிலோ 69 விழுக்காடே நிலைத்தன. ஏன்? கடைவாய்ப் பல்லின் அறை அகன்றது. ஒட்டும் பசைக்குப் போதிய பரப்பு உண்டு. முன்கடைவாய்ப் பல்லோ குறுகியது, உயரம் மிக்கது, பக்கவாட்டு விசைக்கு எளிதில் அசையக்கூடியது. ஒரே மருத்துவர் குழு, ஒரே வகை இயந்திரம்; பல் வேறுபட்டதும் விளைவும் வேறுபட்டது. வலிமை எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

ஒழுகும் கூரை

உடைவதற்கு அப்பால் வேறோர் ஆபத்தும் உள்ளது. சிகிச்சை முடிந்ததும் மருத்துவர் வைக்கும் தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்கே உரியது. அது தேய்ந்தால் உமிழ்நீரும் கிருமிகளும் மீண்டும் வேருக்குள் இறங்கும். 1995-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பற்களின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்தனர். வேர் சிகிச்சையும் நன்றாக அமைந்து, மேல் அடைப்பும் நன்றாக அமைந்தவற்றில் 91 விழுக்காடு அழற்சியின்றி இருந்தன. வேர் சிகிச்சை நன்றாக இருந்தும் மேல் அடைப்பு மோசமானவற்றிலோ 44 விழுக்காடே அவ்வாறு இருந்தன. கூரை ஒழுகும் வீட்டில் தரையை மெழுகிப் பயன் என்ன?

இல்லத்தாருக்குச் சில அறிவுரைகள்

முதலாவது, வேர் சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளும் நாளிலேயே உறைக்கான செலவையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டையும் ஒரே செலவாகக் கருதித் திட்டமிடுங்கள். பணம் போதாதெனில் அதனை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். பல் மருத்துவக் கல்லூரிகளைச் சார்ந்த மருத்துவமனைகளில் கட்டணம் பொதுவாகக் குறைவு.

இரண்டாவது, "எந்த உறை விலை உயர்ந்தது?" என்று கேட்பதற்கு முன், "என் சொந்தப் பல் எவ்வளவு எஞ்சியிருக்கிறது?" என்று கேளுங்கள். பூண் பிடிக்கும் அளவுக்குப் பல் இல்லையெனில், மருத்துவர் அதனை மறைக்காமல் சொல்லட்டும். நிலைக்க முடியாத பல்லுக்குப் பெருஞ்செலவு செய்வதைவிட உண்மையை அறிந்து முடிவெடுப்பது நன்று.

மூன்றாவது, கணிப்பொறி உறைக்கு வசதியில்லை என்பதற்காக உறையே இல்லாமல் இருந்துவிடாதீர்கள். பழைய முறையில் வார்த்த உலோக உறை அழகில் குறைந்ததாயினும், பல்லைக் காப்பதில் நெடுங்காலம் சோதித்துத் தேர்ந்தது. பின்புறக் கடைவாய்ப் பல்லை எவர் பார்க்கப் போகிறார்? காலத்தே போட்ட எளிய உறை, ஓராண்டு கழித்துப் போட எண்ணியிருக்கும் உயர்ந்த உறையினும் மேலானது.

நான்காவது, எல்லாப் பல்லுக்கும் உறை கட்டாயமன்று. பெரும்பகுதி சிதையாத முன்பல்லுக்கு நல்ல அடைப்பே போதுமானதாக இருக்கலாம். கடைவாய்ப் பல்லிலும், முகடுகளை மட்டும் மூடிச் சொந்தப் பல்லை மிகுதியாக விட்டுவைக்கும் பகுதி உறை பொருந்துமா என்று கேட்கலாம்.

ஐந்தாவது, உறங்கும்போது பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் உங்கள் இல்லத்தில் எவருக்கேனும் இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். பொருளைத் தெரிவு செய்வதும், இரவில் அணியும் காப்புத் தகடும் அதனைப் பொறுத்தவை.

ஆறாவது, உறை போடும்வரை அப்பக்கத்தில் முறுக்கு, சீடை, எலும்பு, வறுத்த கடலை ஆகியவற்றை மெல்லாதீர்கள். உறை போட்ட பின்னும் அதன் விளிம்பைத் துலக்கித் தூய்மை செய்யுங்கள். உறைக்குச் சொத்தை வராது. உறையின் அடியிலுள்ள பல்லுக்கு வரும். வலி இல்லாவிட்டாலும் மருத்துவர் சொன்ன காலத்தில் சென்று காட்டுங்கள். அப்பல்லில் நரம்பு இல்லாததால், சொத்தை நோகுமுன் அதனைக் காண வேண்டியது மருத்துவரின் கண்ணே.

கருவிகள் வளரட்டும், நம் மருத்துவர்கள் அவற்றைக் கற்றுத் தேர்ந்து பயன்படுத்தட்டும். அவை நமக்குத் தரும் உறை எத்துணைத் திறமையாகக் கடையப்பட்டதாயினும், அது நிற்பது நம் சொந்தப் பல்லின் மீதுதான். இம்மாதம் உங்கள் இல்லத்தில், தற்காலிக அடைப்போடு நாளைக் கடத்திக்கொண்டிருக்கும் தந்தையோ தாயோ தாத்தாவோ இருக்கின்றாரா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால், பல் பிளக்குமுன் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.